அவள் தாளில் என் எழுத்து

என் மனைவிக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. குளியலறை வாசலில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்றேன். எழவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூன்று வாரம் அங்கே இருந்தோம். உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு வந்தது. ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு பஸ் போய்விடும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஹைதராபாத் ஹப்சிகுடாவில் ஒரு வீட்டின் கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். நான் சர்க்கார் ஃபாக்டரியில் டூல் ரூம் ஃபிட்டர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவன். எட்டாவது வரை படிப்பு. மற்றதெல்லாம் அரம் பிடித்துக் கற்றது. ஒரே மகள், ஒன்பதாவது படித்தாள். நாங்கள் தமிழில் கேட்போம். அவள் தெலுங்கிலோ ஹிந்தியிலோ பதில் சொல்வாள்.

விழுவதற்கு முன் என் மனைவி எப்படி இருந்தாள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக பஸ் ஏறி சிகந்திராபாத் மோண்டா மார்க்கெட்டுக்குப் போவாள். காய் ஹப்சிகுடாவிலேயே கிடைக்கும். சொல்லிப் பார்த்திருக்கிறேன். "அதெல்லாம் ஒரு காயா?" என்பாள். மூன்று பாஷையில் பேரம் பேசுவாள். பதினொரு மணிக்கு இரண்டு பையோடு திரும்புவாள். அப்போது முகம் நன்றாக இருக்கும். நல்ல காய் கிடைத்த சந்தோஷம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது, வாரம் இரண்டு நாள் வரச் சொன்னார்கள். கட்டிடத்தின் பின்பக்கம் ஒரு நீள அறை. வாசலில் ஆக்குபேஷனல் தெரபி என்று பலகை. எனக்குப் புரியவில்லை. உள்ளே இருந்த மேடம் விளக்கினார். படுத்து எழுந்தவர்களை அவரவர் அன்றாட வேலைக்குத் திரும்பப் பழக்கும் இடம். குளிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, ஆபீசுக்குப் போவது, எது வேண்டுமோ அது. மேடத்துக்கு முப்பது வயது இருக்காது. சிகந்திராபாத்தில் பல காலமாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். தமிழ் நன்றாகப் பேசினார். படிக்கத் தெரியாது.

அறைச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தது. கையால் வரைந்தது. ஏழு கட்டங்கள், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அம்புக்குறி. அந்த அறையில் எனக்குப் பழக்கமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். டூல் ரூமில் ஒவ்வொரு வேலையோடும் ஒரு பிராசஸ் ஷீட் வரும். முதலில் அறுக்க வேண்டும், பிறகு கடைய வேண்டும், பிறகு துளை, கடைசியில் இன்ஸ்பெக்ஷன். வரிசை மாறினால் பீஸ் போச்சு.

"இது பிராசஸ் ஷீட்தானே மேடம்?" என்றேன்.

சிரித்தார். "கிட்டத்தட்ட அதேதான் சார். என்ன, இங்க பீஸ் பேசும்."

கடைசிக் கட்டத்திலிருந்து ஒரு அம்பு வளைந்து முதல் கட்டத்துக்கே திரும்பிப் போனது. அது எதற்கு என்று கேட்டேன்.

"சரியா வரலைன்னா மறுபடி முதல்லேர்ந்து."

"எங்களுக்கு அந்த மாதிரி அம்பு கிடையாது மேடம். சரியா வரலைன்னா ஸ்கிராப்."

"இங்க ஸ்கிராப்னு ஒண்ணு கிடையாது சார்."

முதல் கட்டத்தைக் காட்டினார். அதில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. "இவங்களுக்கு என்ன வேணும். அதுதான் முதல். அது தெரியாம நான் ரெண்டாவதுக்குப் போக மாட்டேன்."

என் மனைவியைக் கேட்டார். அவள் அன்று பரிசோதனை எல்லாம் முடிந்து களைத்திருந்தாள். இரண்டு கேள்விக்குள் கண்ணை மூடிக்கொண்டாள். அதனால் மேடம் ஒரு தாளை என்னிடம் கொடுத்தார். மூன்று கோடு போட்டிருந்தது.

"வீட்ல நிதானமா அக்காகிட்ட உக்காந்து கேளுங்க சார். அவங்க திரும்பச் செய்யணும்னு நினைக்கிற மூணு விஷயம். எது ரொம்ப முக்கியமோ அது மேல. அவங்க சொல்றதை அப்படியே தமிழ்ல எழுதிட்டு வாங்க. எனக்கு நீங்க படிச்சுக் காட்டுங்க."

சரி என்றேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் மில்லிங் மெஷின் ஓட்டும் பாய். மெட்டுகுடாவில் ஏறி எனக்கு இடம் போட்டு வைக்கிறவர். எங்களோடு பழகிப் பழகி அரைத் தமிழ் பேசுவார். மீதி ஹைதராபாத் ஹிந்தி; அதில் கைக்கு என்றால் ஏன், ஹவ் என்றால் ஆமாம்.

"கைக்கு மியான், மூஞ்சி இப்படி? கோர்ட் நோட்டீஸா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"இதுல யோசனை கைக்கு? வீட்டுக்காரம்மாவுக்கு கிச்சன்தான். எழுது, எழுது."

எழுதினேன். ஒன்று, சமையல். இரண்டு, தானே குளிப்பது. மூன்று, வீடு பெருக்குவது. உப்பல் தாண்டுவதற்குள் வேலை முடிந்தது. பாய் எட்டிப் பார்த்து, "ஹவ், பக்கா" என்றார்.

இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. ஃபாக்டரியில் ஜாப் கார்டு என்று ஒன்று உண்டு. வேலை செய்கிறவன் அதை எழுத மாட்டான். என்ன வேலை, என்ன அளவு, எத்தனை மணி நேரம் எல்லாம் சார்ஜ்மேன் எழுதுவார். நாங்கள் கீழே கையெழுத்துப் போடுவோம். பதினெட்டு வருடம் அப்படி. ஒருவருடைய தாளை இன்னொருவர் எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த முறை. வீட்டில் நான் சார்ஜ்மேன். யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான்.

மேடத்திடம் தாளைப் படித்துக் காட்டினேன். அவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். என் மனைவி அப்போது ஜன்னல் பக்கம் ஆயாவோடு கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவில்லை.

அடுத்தடுத்த கட்டங்கள் ஓடின. மேடம் வலது கைக்குப் பயிற்சி கொடுத்தார். மாவு பிசைய வைத்தார். தண்ணீர் ஊற்ற வைத்தார். உட்கார்ந்து சமைக்கிறவர்களுக்கு மேடை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னார். அவ்வளவு போதும் எனக்கு. லீவு போட்டேன். வீட்டு ஓனரைக் கேட்டுக்கொண்டு சமையல் மேடையை இடித்து, நாற்காலி உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டினேன். பலகையில் இரண்டு ஆணி அடித்தேன். வெங்காயத்தை அதில் குத்தி வைத்தால் ஒரு கையாலேயே நறுக்கலாம். குழாய்க்கு நீளப் பிடி. டப்பா மூடிக்கெல்லாம் வளையம். எல்லாவற்றுக்கும் முதலில் படம் போட்டேன். அளவில் ஒரு நூல்கூடத் தப்பவில்லை. மகள் வந்து பார்த்து, "பாகுந்தி அப்பா" என்று மெச்சினாள். பாயும் ஒரு நாள் வந்து பார்த்தார். குழாய்ப் பிடியை நாலு முறை திறந்து மூடினார்.

என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன்.

நாலு மாதம் போனது. கால் கொஞ்சம் தேறியது. கோல் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். கை அப்படியே இருந்தது. மேடம் சொன்ன பயிற்சியை வீட்டில் செய்ய மாட்டாள். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சமையலறையில் பலகை ஆணியில் அரை வெங்காயம் நின்றது. காலையில் குத்தியது. காய்ந்து ஓரம் சுருண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "இவ்ளோ செஞ்சு குடுத்திருக்கேன். இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

அவள் திரும்பினாள். வாயைத் திறந்தாள். நான் கை கால் கழுவப் போய்விட்டேன்.

முதல் கட்டத்துக் கேள்வியை அன்றுதான் அவளிடம் கேட்டேன். பதிலுக்கு நிற்கவில்லை.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டம். என்ன நினைத்தோம், எவ்வளவு வந்தது என்று பார்க்கிற நாள். மேடம் ஃபைலைத் திறந்தார். என் மனைவிக்கு எதிரில் முழங்கால் இடிக்கிற மாதிரி நெருங்கி உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க மூணு விஷயம் சொன்னீங்க இல்லையா? முதல்ல சமையல். அப்புறம் தானா குளிக்கிறது. அப்புறம் வீடு பெருக்கிறது. இதுல உங்களுக்கு இப்ப எவ்ளோ திருப்தி?"

என் மனைவி மேடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான்..." என்றாள்.

"அவளுக்கு இப்பதான் மேடம் கொஞ்சம் கொஞ்சமா..." என்று ஆரம்பித்தேன்.

மேடம் என் பக்கம் பார்க்காமலே கையை உயர்த்தினார். நிறுத்தினேன். பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரும் நிறுத்திவிட்டார்.

"நான்... சொல்லல."

மேடம் ஃபைலை மூடினார். "சார், இதை யார் எழுதினது?"

"நான்தான்."

"அக்கா சொன்னாங்களா?"

"சொல்லல. எனக்குத் தெரியும்னு எழுதிட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"தப்பு எனக்கும்தான் சார். களைப்பு போனதும் நானே அவங்களை ஒரு தடவை கேட்டிருக்கணும். நாலு மாசம் நீங்க ஆசைப்பட்ட சமையலுக்கு அவங்களைப் பழக்கியிருக்கேன்." எழுந்துபோய் சார்ட்டில் அந்த வளைந்த அம்பின் மேல் விரலை வைத்து முதல் கட்டம் வரை இழுத்தார். "மறுபடி இங்க. நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க சார்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு முழுக்க மூடவில்லை. உள்ளே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. ஒரு சொல் கேட்கும். பிறகு ஒன்றும் இல்லை. ஒருவர் பேச இன்னொருவர் இவ்வளவு நேரம் காத்திருப்பதை நான் பார்த்ததில்லை. முக்கால் மணி நேரம் இருக்கும். திடீரென்று என் மனைவி சிரித்தாள். ஐந்து மாதமாகக் கேட்காத சத்தம். ஓர் ஆயா நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூப்பிட்டார்கள். மேஜையில் புதிய தாள். இடது கையால் அவளே எழுதியது. எழுத்து பெரிது பெரிதாக, கோட்டை விட்டு இறங்கிக் கிடந்தது.

ஒன்று: மோண்டா. தனியா.

இரண்டு: நான் பேசி முடிக்கணும்.

மூன்றாவது கோடு காலி.

இரண்டு முறை படித்தேன். "சமையல்?" என்றேன்.

என் மனைவி இடது கை விரலால் பழைய தாளைத் தட்டினாள். "நீங்க... எழுதினது. நீங்க... செய்ங்க."

மேடம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது.

ஆட்டோவில் வரும்போது நான் முடியாது என்றேன். பஸ் படி உயரம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மார்க்கெட்டில் தரையெல்லாம் ஈரம், காய்த் தோல். மறுபடி விழுந்தால் யார் தூக்குவது? இவ்வளவையும் சொன்னேன். என் கணக்குக்கு அது நிறையப் பேச்சு.

"விழுந்தா என்ன பண்ணுவ?"

மெட்டுகுடா தாண்டியது. தார்னாகா வந்தது.

"வீட்லதான்... விழுந்தேன்," என்றாள்.



இரண்டாவது கோட்டுக்கு மேடம் எனக்குத்தான் பயிற்சி கொடுத்தார். அவள் வாயைத் திறந்ததும் நான் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அதற்குள் என் வாய் திறக்கக் கூடாது. மகளுக்கும் அதே சட்டம். முதல் நாள் நாலுக்கு மேல் போக முடியவில்லை. பேசாத ஆள் என்று பெயர் எனக்கு. அவள் பேச்சில் எத்தனை இடத்தில் குறுக்கே விழுந்திருக்கிறேன் என்று அந்த வாரம்தான் தெரிந்தது. தண்ணி என்று ஆரம்பித்தால் தம்ளரை நீட்டியிருக்கிறேன். அவள் சொல்ல வந்தது, தண்ணி மோட்டாரை நிறுத்து என்று.

முதல் கோட்டுக்கு வந்தோம். பஸ் ஏறுவதில் எத்தனை வேலை இருக்கிறது என்று மேடம் பிரித்து எழுதினார். வாசல் படி, தெரு, நிற்பது, பஸ் படி, கம்பி, உட்காருவது, டிக்கெட், இறங்குவது. இதில் எதெது வருகிறது, எதெது வரவில்லை என்று என் மனைவியைக் கேட்டுக் கேட்டு அடையாளம் போட்டார். பஸ் படியும் டிக்கெட்டும் வரவில்லை. பஸ் படி உயரம் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

அது என் வேலை என்று தோன்றியது. ஆனால் இந்த முறை கேட்டேன். "படி மாதிரி ஒண்ணு வீட்ல செஞ்சு வைக்கட்டுமா? ஏறி இறங்கிப் பழக."

எண்ணினேன். எட்டில் பதில் வந்தது. "செய்ங்க."

ஞாயிற்றுக்கிழமை ஸ்டீல் டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பஸ் நின்றதும் முன்வாசலில் குனிந்து அளந்தேன். கண்டக்டர் தலையை நீட்டினார்.

"ஏமி சார், பஸ்ஸு கொண்டுன்னாரா?" பஸ்ஸை வாங்கப் போகிறீர்களா என்று கேட்கிறார். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். பஸ் கிளம்பிவிட்டது. கீழ்ப்படி மட்டும் கிடைத்தது. கம்பி உயரத்துக்கு இன்னும் இரண்டு பஸ் தேவைப்பட்டது. மூன்றாவது பஸ்ஸில் அதே கண்டக்டர் திரும்பி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். டிரைவரிடம் ஏதோ கத்தினார். பஸ் நின்றது. "நிதானமா அளங்க," என்று தெலுங்கில் சொல்லிவிட்டு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

பேக்கிங் பெட்டி மரத்தில் இரண்டு படி செய்தேன். பக்கத்தில் பைப் கம்பி. வீட்டுப் பின்பக்கம் போட்டேன். மேடம் வந்து பழக்கினார். ஏறும்போது நல்ல கால் முன்னால். இறங்கும்போது வராத கால் முன்னால். தோளில் குறுக்காக மாட்டுகிற மாதிரி ஒரு துணிப் பை தைக்கச் சொன்னார். அப்போதுதான் இடது கை கம்பி பிடிக்க மிஞ்சும். கோலுக்கு ஒரு வளையக் கயிறு. ஏறுகிற நேரம் மணிக்கட்டில் தொங்கும்.

மகள் கண்டக்டர் ஆனாள். வாயில் ஒரு விசில். "ஜல்தி ஜல்தி! லேடீஸ் முந்துக்கு! டிக்கெட், டிக்கெட்!"

"ஸ்டே..." என்பாள் என் மனைவி. மோண்டாவுக்கு இறங்கும் இடம் ஸ்டேஷன்.

"எக்கடம்மா? லேட் அவுதுந்தி!" எங்கே போகணும், நேரமாகிறது என்று விரட்டுவாள்.

"இருடி... கழுதை!" இது மட்டும் ஒரே மூச்சில் வந்தது. மூன்று பேரும் திகைத்து நின்றோம். பிறகு சிரிப்பு.

முதலில் மேடத்தோடு தார்னாகா வரை, மத்தியானக் கூட்டமில்லாத பஸ்ஸில். பிறகு ஸ்டேஷன் வரை. பிறகு என்னோடு நாலு முறை மோண்டாவுக்கு. நான் பத்தடி பின்னால் நடக்க வேண்டும், தொடக் கூடாது என்று உத்தரவு. ஒரு முறை ஈரத்தில் சறுக்கினாள். கோலை ஊன்றி நின்றுகொண்டாள். என் கை தானாக நீண்டு பாதியில் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் மேடம் தாளை எடுப்பார். எது சரியாக வந்தது, எது வரவில்லை. வராததை மட்டும் மறுபடி முதலிலிருந்து. மூன்று மாதம் ஆனது. கை அப்போதும் முழுதாக வரவில்லை. ஆனால் விரலில் பையின் வாயைப் பிடிக்கிற அளவுக்கு வலு வந்தது. மாவு பிசைந்து வராதது காய்ப் பை பிடித்து வந்தது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. தனியாக.

நான் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று பேச்சு. ஸ்டாப் வரை மட்டும் போகலாம். பஸ் வந்தது. பெண்கள் ஏறும் முன்வாசலில் அவள் ஏறினாள். இடது கை கம்பியில், இடது கால் முதலில். கோல் மணிக்கட்டில் ஆடியது. உள்ளே போய்விட்டாள்.

நான் பின்வாசலில் ஏறினேன்.

யோசிப்பதற்குள் கால் ஏறிவிட்டது. ஆண்கள் கூட்டம். ஒருவர் முதுகுக்குப் பின்னால் குனிந்து நின்றேன். முன்னால் லேடீஸ் சீட்டில் அவள் தலை தெரிந்தது. டிக்கெட் வாங்கினாள். அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கண்டக்டர் பொறுமையாக நின்றது தெரிந்தது. பிறகு பின்னால் வந்தார்.

"ஸ்டேஷன்," என்றேன் மெதுவாக.

"கட்டிகா செப்பண்டி!" சத்தமாகச் சொல்லச் சொல்கிறார்.

"ஸ்டேஷன்!"

முன்னால் அந்தத் தலை அசையவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஸ்டேஷன் ஸ்டாப்பில் இறங்கினாள். வலது கால் முன்னால், பிறகு இடது. இறங்கி நடக்கவில்லை. நடைபாதையில் திரும்பி நின்று பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக நான்.

வாயைத் திறக்கப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க..."

எண்ணினேன். ஒன்று, இரண்டு. ஒரு ரிக்ஷாக்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். ஏழு, எட்டு.

"...இப்ப... வீட்ல இருக்கீங்க."

கோலைத் தூக்கி ரோட்டின் எதிர்ப்பக்க ஸ்டாப்பைக் காட்டினாள். நான் ரோட்டைத் தாண்டினேன். பஸ் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அது சுலபமாக இல்லை.

வீட்டில் மகள் வாசலில் நின்றிருந்தாள். "பின்னாடியே போனியா அப்பா?" இதை மட்டும் தமிழில் கேட்டாள்.

"ஹவ்," என்றேன்.

"நக்கோ போலே நா அம்மா!" அம்மா வேண்டாம் என்றுதானே சொன்னாள் என்கிறாள். "கொஞ்சம்கூட வெட்கமே இல்ல."

"பிடிச்சிட்டா. திருப்பி அனுப்பிட்டா."

தலையில் அடித்துக்கொண்டாள்.

சும்மா உட்கார முடியவில்லை. அரிசி களைந்து வைத்தேன். பருப்பு போட்டேன். என்ன காய் வரும் என்று தெரியாது. அதனால் புளியை மட்டும் ஊறவைத்தேன். மேடை அவள் உட்காரும் உயரத்துக்குக் கட்டியது. நின்று சமைக்க எனக்கு இடுப்பு ஒடிந்தது. பதினொன்று ஆனது. பதினொன்றரை. தெருமுனையில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் மகள் கேட்டுக்குப் போய்த் திரும்பினாள். "அப்பா, போய்ப் பார்க்கலாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். குக்கரை இறக்கினேன். கையைச் சுட்டுக்கொண்டேன்.

பன்னிரண்டுக்கு கேட் திறந்தது.

தலைமுடி கலைந்திருந்தது. தோள் பை நிறைந்து வயிற்றில் இடித்தது. வலது கையில் இன்னொரு சின்னப் பை, இரண்டு விரலில் தொங்கியது. புடவை ஓரத்தில் சேறு. விழுந்தாயா என்ற கேள்வி வாய்வரை வந்தது. பத்து எண்ணினேன். இன்னொரு பத்து எண்ணினேன்.

அவள் என் கண் போன இடத்தைப் பார்த்தாள். "விழல. மார்க்கெட்டு... சேறு."

உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். பையிலிருந்து பீர்க்கங்காயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். அது முடிய வெகுநேரம் ஆனது. நாங்கள் இரண்டு பேரும் குறுக்கிடவில்லை.

பீர்க்கங்காய்க்காரி கிலோ அஞ்சு ரூபாய் என்றாளாம். இவள் வாயைத் திறந்தாளாம். சொல் வரவில்லை. நின்றாளாம். காய்க்காரி முகத்தைப் பார்த்தாளாம். நாலு என்றாளாம். இவள் இன்னும் அதே சொல்லைத் தேடிக்கொண்டு நின்றாளாம். காய்க்காரி கையைத் தூக்கி, போம்மா தாயே, மூணு, இதுக்கு மேல முடியாது என்றாளாம்.

மகள் துள்ளிக் குதித்தாள். "அம்மா! நீ என்ன சொல்ல வந்தே?"

நாங்கள் காத்திருந்தோம்.

"சரி... அஞ்சுக்கே... குடுன்னு."

சிரிப்பில் வீடு அதிர்ந்தது. மாடிவீட்டு அம்மா எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். சொல்ல யாருக்கும் மூச்சு இல்லை.

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். பழைய ஞாயிற்றுக்கிழமை முகம். காய்க்கும் அதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான்.

பீர்க்கங்காயை நான்தான் சீவினேன். அவள் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்து, நான் குனிந்து நிற்பதைப் பார்த்தாள். "மேடை..." என்றாள். நான் கத்தியை வைத்துவிட்டு நின்றேன். "...உங்களுக்கு... அளவு தப்பு."

அடுத்த மாதம் மறுபடி இடித்தேன். ஒரு பாதி உயரம், ஒரு பாதி தாழ்வு. உயரப் பாதியில் நான். தாழ்ந்த பாதியில் அவள் விருப்பப்பட்ட நாளில் உட்கார்ந்து ஏதாவது நறுக்குவாள். ஆணிப் பலகையில் வெங்காயம் காய்ந்து கிடப்பதில்லை.

மேடம் கடைசியாக ஃபைல் பார்த்த நாளில் மூன்றாவது கோட்டைக் காட்டி என்ன அக்கா என்று கேட்டார். "யோசிக்கிறேன்," என்றாள். மேடம் அவசரப்படுத்தவில்லை. தாளை எங்களிடமே கொடுத்துவிட்டார். சமையலறைச் சுவரில் ஒட்டினேன். பக்கத்தில் ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். தினமும் காலையில் டீ போடும்போது அந்தக் காலிக் கோடு கண்ணில் படும். அதில் என்ன எழுதலாம் என்று எனக்கு இரண்டு மூன்று யோசனை உண்டு. பாயிடமும் ஒரு யோசனை இருந்தது. எழுதவில்லை.

ஒரு நாள் பேனா நூல் எட்டவில்லை என்றாள். அளந்து நீளமாக்கிக் கட்டினேன். என்ன எழுதப் போகிறாய் என்று கேட்கவில்லை.